மருந்தை அளக்கும் கருவியை யார் அளப்பது?

'மருந்து' என்று சொன்னதும் உங்களுக்கு எது நினைவுக்கு வருகிறது, சகோதரிகளே? குழந்தைக்கு இருமல் வந்தால் கரண்டியில் ஊற்றிக் கொடுக்கும் கஷாயம் வரும். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை வரும். மாமியாருக்குச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று கணக்காக எடுத்து வைக்கும் டப்பா வரும். பட்டணத்தில் இருக்கும் நமக்கு மருந்து என்றால் அவ்வளவுதான்.

ஆனால், தென்காசி மாவட்டத்தில் சங்கரன்கோவில் பக்கம் மேலநீலிதநல்லூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்தப் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் போய் 'மருந்து' என்று சொல்லிப் பாருங்கள். "எந்த மருந்து? குடிக்கிறதா, வெடிக்கிறதா?" என்று அவர் திருப்பிக் கேட்டாலும் கேட்பார். அந்த ஊருக்கு ஒரு பக்கம் பூலித்தேவர் துப்பாக்கிக்கு மருந்து இடித்த நெற்கட்டும்செவல். இன்னொரு பக்கம் ஊருக்கெல்லாம் பட்டாசு அனுப்பும் சிவகாசி. இரண்டுக்கும் நடுவே இருக்கிறவர்களுக்கு மருந்து என்றால் சந்தேகம் வரத்தானே செய்யும்?

தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்தவர் யாரோ, நல்ல அனுபவசாலியாகத்தான் இருக்க வேண்டும். இரண்டிலும் அளவு குறைந்தால் வேலை நடக்காது. அளவு கூடினால் ஆபத்து. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பாட்டி சொல்வாளே, அது இரண்டு மருந்துக்கும் பொருந்தும்.

"அளந்துதான் போடுகிறோமே, அப்புறம் என்ன?" என்று கேட்பீர்கள். அங்கேதான் விஷயமே இருக்கிறது. அளக்கிற கரண்டி சரியாக இருக்கிறதா? நிறுக்கிற தராசு சரியாக இருக்கிறதா? அதை அளந்து பார்த்தீர்களா? துப்பாக்கி மருந்தை அளப்பவர்கள் இந்தக் கேள்வியை இருநூறு முந்நூறு வருஷமாகக் கேட்டு வருகிறார்கள். கேட்காவிட்டால் கையோ கண்ணோ போய்விடும் அல்லவா? அவர்கள் கண்டுபிடித்த வழிகளில் நம் சமையலறைக்கு வேண்டியவை நாலைந்து இருக்கின்றன. அவற்றைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு கொம்பு மருந்து

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1755-ஆம் ஆண்டு கர்னல் ஹெரான் என்ற கும்பெனித் தளபதி, ஆற்காட்டு நவாபின் சகோதரர் மாபூஸ்கானோடு திருநெல்வேலிச் சீமைக்குக் கப்பம் வசூலிக்க வந்தார். நெற்கட்டும்செவல் கோட்டைக்கு முன்னால் வந்து நின்றார். கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பினார். பிறகு மருதநாயகம் என்று சொல்லப்படுகிற கான்சாகிப் வந்து, 1761-ல்தான் அந்தக் கோட்டை விழுந்தது.

அந்தக் காலத்துத் துப்பாக்கியில் இந்தக் காலத்துத் தோட்டா கிடையாது. குழாயின் வாய்வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடிக்க வேண்டும். எவ்வளவு மருந்து? அதற்கு மாட்டுக் கொம்பிலோ செம்பிலோ செய்த சிறு குப்பி இருக்கும். அதன் மூக்கு நிறைய மருந்து வந்தால் ஒரு வெடிக்குச் சரி. நம் வீட்டு உழக்கும் ஆழாக்கும் போலத்தான். மருந்து குறைந்தால் குண்டு பகைவன் காலடியில் போய் விழும். கூடினால் குழாய் வெடித்துச் சுட்டவன் முகத்திலேயே அடிக்கும். பகைவனைவிடத் தன் கைத் துப்பாக்கிக்குப் பயந்த வீரர்கள் உலகத்தில் எத்தனையோ பேர்!

அந்த மருந்துக்குள்ளே எவ்வளவு வலு இருக்கிறது என்று கணக்காக அளந்து காட்டியவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர். ஒரு கனத்த மரக்கட்டையை ஊஞ்சல் மாதிரி தொங்கவிட்டார். அதன்மேல் குண்டைச் சுட்டார். கட்டை எவ்வளவு தூரம் ஆடுகிறது என்று பார்த்து, குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். 1742-ல் இதைப் புத்தகமாக எழுதினார். ஆய்லர் என்ற மகா கணித மேதை அதை ஜெர்மன் பாஷையில் மொழிபெயர்த்தார் என்றால், அந்த ஊஞ்சலின் மதிப்பைப் பார்த்துக் கொள்ளுங்கள்.

இந்த ராபின்ஸ் நம் தமிழ்நாட்டு மண்ணில்தான் காலமானார் என்பது பலருக்குத் தெரியாது. கோட்டைகளைச் சீர்படுத்துவதற்காகக் கும்பெனி அவரை அனுப்ப, 1750-ல் அவர் இங்கே வந்து சேர்ந்தார். கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டையில், வந்த மறு வருஷமே, 1751 ஜூலையில் இறந்து போனார். பூலித்தேவர் கோட்டைக்கு முன்னால் ஹெரான் வந்து நின்றது அதற்கு நாலு வருஷத்துக்குப் பிறகு.

ஊட்டி ரயிலில் ஒரு ஸ்டேஷன்

கோடை விடுமுறையில் குழந்தைகளோடு மலை ரயிலில் ஊட்டிக்குப் போயிருப்பீர்கள். குன்னூர் தாண்டி, வெலிங்டன் தாண்டி, அருவங்காடு என்று ஒரு ஸ்டேஷன் வரும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஏற்பட்டதுதான் கார்டைட் தொழிற்சாலை. கார்டைட் என்பது புகை அதிகம் வராத துப்பாக்கி மருந்து. கயிறு கயிறாக, சேமியா மாதிரி இழுத்து எடுப்பதனால் அந்தப் பெயர். 2021 அக்டோபர் முதல், அரசாங்கத்தின் மற்ற பல படைக்கலத் தொழிற்சாலைகளைப் போல இதுவும் ஒரு கம்பெனியின் கீழ் வந்துவிட்டது. 'மியூனிஷன்ஸ் இந்தியா' என்பது அந்த அரசாங்கக் கம்பெனியின் பெயர்.

பழைய கரிமருந்துக்கும் இந்தப் புது மருந்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கரிமருந்து கொஞ்சம் பெருந்தன்மையானது; கொம்பில் சற்று முன்பின்னாக இருந்தாலும் பொறுத்துக் கொள்ளும். புது மருந்து அப்படியல்ல. சிறிய அளவிலேயே வலு அதிகம். கரிமருந்துக்கு வைத்திருந்த அளவையால் இதை அளந்து போட்டால் துப்பாக்கி தாங்காது. ஆகவே கொம்பு போய்த் தராசு வந்தது.

ஒரு நெல்மணி எடை

வெளிநாடுகளில், முக்கியமாக அமெரிக்காவில், குறி பார்த்துச் சுடும் பந்தயக்காரர்கள் பலர், சுட்டு முடிந்த பித்தளைக் கூட்டை எறிவதில்லை. அதில் மறுபடி மருந்து நிரப்பி, புதிய குண்டை வைத்துத் தாங்களே தோட்டா தயாரித்துக் கொள்கிறார்கள். நம் நாட்டில் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் யாரும் தோட்டா தயாரிக்கக் கூடாது. கூடாது என்பதே நல்லது. நாம் அதைச் செய்யப் போவதும் இல்லை. ஆனால் அவர்கள் மருந்தை அளக்கும் விதம் பார்க்க வேண்டிய ஒன்று.

அவர்கள் பயன்படுத்தும் எடைக்குக் 'கிரெயின்' என்று பெயர். தானிய மணி என்று அர்த்தம். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். அதாவது ஒரு கிரெயின் என்பது சுமார் 65 மில்லிகிராம். நம் பெரியவர்கள் பொன்னை நெல்லாலும் குன்றிமணியாலும் நிறுத்தார்களே, அதே யோசனைதான். இதில் பத்தில் ஒரு பங்கு வரை பார்த்து மருந்து போடுகிறார்கள்! சமையலில் நாம் சொல்லும் 'சிட்டிகை' அவர்களுக்கு ஒரு மூட்டை மாதிரி.

இந்தக் கிரெயின் நமக்கு அந்நியமானது என்று நினைக்க வேண்டாம். பழைய வெள்ளி ரூபாய் ஒரு தோலா எடை. தோலா என்பது 180 கிரெயின். பாட்டி 'ஒரு ரூபாய் எடை சுக்கு' என்று கஷாயத்துக்குச் சொன்னாளே, அது இந்தக் கணக்குத்தான். இன்னும் ஒன்று: ஆஸ்பிரின் மாத்திரை சில 325 மில்லிகிராம் என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். இது என்ன, 300 என்றோ 350 என்றோ இல்லாமல் 325? ஐந்து கிரெயின்! பழைய இங்கிலீஷ் மருந்துக் கடைக்காரர் தராசில் நிறுத்த அளவு, இன்றைக்கும் அட்டையில் ஒட்டிக் கொண்டிருக்கிறது. குடிக்கிற மருந்துக்கும் வெடிக்கிற மருந்துக்கும் ஒரே எடைக்கல்லாக இருந்திருக்கிறது பாருங்கள்.

அளவைக் கருவிக்குப் பரீட்சை

தோட்டாவில் மருந்து போடுவதற்கு ஒரு சின்ன யந்திரம் இருக்கிறது. மேலே மருந்து நிற்கும் ஒரு குடுவை. நடுவே பள்ளம் வெட்டிய ஓர் உருளை. பக்கத்தில் ஒரு கைப்பிடி. கைப்பிடியை மேலே தூக்கினால் பள்ளம் நிறையும்; கீழே இறக்கினால் அவ்வளவும் கொட்டும். ஒவ்வொரு தடவையும் எடை போட்டுக் கொண்டிருக்க வேண்டாம்.

ஆனால் இந்த யந்திரம் எடையைப் பார்ப்பதில்லை, இடத்தைத்தான் பார்க்கிறது. படியில் அரிசி அளப்பதற்கும் தராசில் நிறுப்பதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குச் சொல்லியா தர வேண்டும்? படியைத் தட்டித் தட்டி அளந்தால் அரிசி அதிகம் பிடிக்கும். மேலாகக் கொட்டி வழித்தால் குறைவாகப் பிடிக்கும். அதே போல, கைப்பிடியை ஒரு தரம் வேகமாகவும் ஒரு தரம் மெதுவாகவும் இழுத்தால் மருந்தின் அளவு மாறும். குடுவையில் மருந்து நிறைய இருக்கும்போது ஓர் அளவு, அடிமட்டத்துக்கு வந்ததும் ஓர் அளவு. செதில் செதிலாக உள்ள மருந்து வழியிலே அடைத்துக் கொண்டு, இந்தத் தடவை பாதி, அடுத்த தடவை ஒன்றரை என்று விழுவதும் உண்டு. கைத்துப்பாக்கித் தோட்டா சிலவற்றில் மருந்து கூட்டில் பாதிகூட இராது. அதனால் மறதியாக இரண்டு தரம் போட்டுவிட்டாலும் வழியாது; வெளியே தெரியாது. சுடும்போதுதான் தெரியும்.

ஆகவே, விவரம் தெரிந்தவர்கள் வேலையைத் தொடங்குவதற்கு முன் அந்த யந்திரத்துக்குப் பரீட்சை வைக்கிறார்கள். பத்துத் தடவை மருந்தைக் கொட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தராசில் நிறுத்து எழுதுகிறார்கள். மொத்தத்தையும் கூட்டிப் பத்தால் வகுத்தால் சராசரி கிடைக்கும்.

சராசரி சரியாக வந்துவிட்டால் போதுமா? போதாது. இதைக் கொஞ்சம் கவனியுங்கள். உங்கள் வீட்டில் இரண்டு மருமகள்கள் காப்பிக்குச் சர்க்கரை போடுகிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். மூத்தவள் நாலு டம்ளருக்கும் ஐந்து ஐந்து கிராமாகப் போடுகிறாள். இளையவள் ஒன்றில் மூன்று, ஒன்றில் ஏழு, ஒன்றில் நாலு, ஒன்றில் ஆறு என்று போடுகிறாள். சராசரி பார்த்தால் இருவருக்கும் ஐந்து கிராம்தான்! ஆனால் சர்க்கரை வியாதிக்கார மாமனாருக்கு ஏழு கிராம் டம்ளர் வந்து சேர்ந்தால், 'சராசரி சரி' என்று சொல்லித் தப்பித்துக் கொள்ள முடியுமா? சராசரியோடு, அதிகபட்சம் எவ்வளவு, குறைந்தபட்சம் எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள தூரம்தான் கையின் நிதானத்தைக் காட்டும்.

அப்புறம் தராசு. யந்திரத்தைச் சோதிக்கிற தராசே தப்பாக இருந்தால்? திருடனைப் பிடிக்கத் திருடனையே அனுப்பினது போல ஆகும். அதற்காக எடை தெரிந்த சோதனைக் கற்கள் வைத்திருக்கிறார்கள். தராசில் முதலில் அந்தக் கல்லை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. அதுவும், தாங்கள் நிறுக்கப் போகும் மருந்துக்குக் கிட்டத்தட்டச் சமமான கல்லாகப் பார்த்து வைக்கிறார்கள். ஒரு கிலோவில் சரியாக இருக்கும் தராசு ஐந்து கிராமிலும் சரியாக இருக்கும் என்று நிச்சயம் இல்லை அல்லவா?

சிவகாசியில் விதி இன்னும் கடுமை. அங்கே அளவு என்பது ஒரு வெடிக்கு எவ்வளவு மருந்து என்பதோடு நிற்பதில்லை. ஓர் அறையில் எவ்வளவு மருந்து இருக்கலாம், எத்தனை பேர் உட்காரலாம், அடுத்த அறை எத்தனை தூரத்தில் இருக்க வேண்டும் என்பதற்கெல்லாம் அளவு உண்டு. வெடிச் சத்தத்துக்குக்கூட, நாலு மீட்டர் தூரத்தில் 125 டெசிபெல் என்று அளவு வைத்திருக்கிறார்கள். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசிக்குப் பக்கத்து முதலிப்பட்டியில் ஒரே விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அந்தப் பக்கத்து வீடுகளிலிருந்து காலையில் வேலைக்குப் போகும் பெண்களில் பலர், குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு, சோற்று வாளியோடு பஸ் ஏறுகிறவர்கள். தீபாவளியன்று நாம் கொளுத்தும் ஒவ்வொரு வெடியிலும் யாரோ ஒரு சகோதரியின் கை அளவு இருக்கிறது என்பதை நினைத்துக் கொள்வோம்.

இனி நம் வீட்டுக்கு வருவோம்

நம் வீட்டிலும் பொடி அளக்கும் கருவிகள் இருக்கின்றன. மிகவும் முக்கியமானது, குழந்தையின் பால் பவுடர் டின்னுக்குள் இருக்கும் சிறு கரண்டி.

தாய்ப்பாலுக்கு அளவு வேண்டாம். அதை அளக்கிற வேலையைப் பகவான் குழந்தையிடமே விட்டுவிட்டார். முதல் ஆறு மாதம் அதைப் போல வேறொன்றும் இல்லை. டாக்டர் சொல்லி, வேறு வழியில்லாமல் பவுடர் கொடுக்க நேர்ந்தால், அந்தக் கரண்டி விஷயத்தில் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 'குழந்தை நன்றாகத் தேறட்டும்' என்று கரண்டியில் குவித்துப் போடுகிற அத்தைமார் உண்டு. பால் கெட்டியானால் குழந்தையின் சிறுநீரகத்துக்குச் சிரமம். உடம்பில் நீர் வற்றும். 'டின் இன்னும் பத்து நாள் வரட்டும்' என்று குறைத்துப் போட்டாலோ, வயிறு நிறையும், உடம்பு தேறாது. இரண்டும் தப்பு.

கரண்டியில் பவுடரை அமுக்கக் கூடாது, குவிக்கவும் கூடாது. கத்தியின் முதுகால் வழித்துவிட வேண்டும். ஒரு டின்னின் கரண்டியை இன்னொரு டின்னுக்குப் போடக் கூடாது. கம்பெனிக்குக் கம்பெனி கரண்டி மாறும். முதலில் பாட்டிலில் கொதித்த தண்ணீரை அளந்து ஊற்றி, பிறகு பவுடரைப் போட வேண்டும். பவுடரைப் போட்டுவிட்டுத் தண்ணீரைக் கோடு வரைக்கும் ஊற்றினால் தண்ணீர் குறைந்து போகும்.

உங்களிடம் சமையலறைத் தராசு இருந்தால், துப்பாக்கி மருந்துக்காரர்களின் பரீட்சையை இங்கேயே செய்து பார்க்கலாம். பத்துக் கரண்டி பவுடரை வழித்து வழித்து ஒரு சுத்தமான கிண்ணத்தில் போடுங்கள். ஒவ்வொரு கரண்டிக்கும் தராசு காட்டுவதை எழுதிக் கொள்ளுங்கள். ஒரு கரண்டி எத்தனை கிராம் என்று டின்னிலேயே அச்சிட்டிருந்தால் அதோடு ஒத்துப் பாருங்கள். பிறகு, குழந்தையை அடிக்கடி பார்த்துக் கொள்ளும் மற்றவரையும் பத்துக் கரண்டி போடச் சொல்லுங்கள். உங்கள் கையும் அவர் கையும் எவ்வளவு வித்தியாசம் என்று அப்போது தெரியும். சண்டைக்கு அல்ல, குழந்தைக்காக.

அடுத்தது, வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொடி. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி ஒரு லிட்டர் தண்ணீருக்கு உப்பு, குளுகோஸ் முதலியவை எல்லாம் சேர்த்து 20.5 கிராம். பொட்டலத்தில் பொடி சரியாகத்தான் இருக்கும். தப்பு நேர்வது தண்ணீரில்! 'ஒரு சொம்பு' என்று ஊற்றுகிறோம். சொம்பு ஒரு லிட்டர் என்று யார் சொன்னது? தண்ணீர் குறைந்தால் உப்பு மிஞ்சி, ஏற்கெனவே வாடியிருக்கும் குழந்தைக்குக் கெடுதல். பொட்டலத்தைக் கண்மதிப்பில் பாதி பாதியாகப் பிரிக்கவும் கூடாது. சிறிய பொட்டலமும் பெரிய பொட்டலமும் இரண்டு விதமாக வருவதால், எவ்வளவு தண்ணீர் என்று அதன்மேல் படித்துவிட்டு, முழுப் பொட்டலத்தையும் ஒரே தடவையில் கரையுங்கள். கரைத்ததை ஒரு நாளைக்குமேல் வைக்காதீர்கள்.

மூன்றாவது, திரவ மருந்து. 'ஒரு டீஸ்பூன்' என்றால் டாக்டர் கணக்கில் 5 மில்லி. நம் அஞ்சறைப் பெட்டிக் கரண்டி ஒன்று மூன்று பிடிக்கும். பாயசக் கரண்டி ஒன்று எட்டுப் பிடிக்கும். பாட்டிலோடு வரும் மூடியையோ, ஊசியில்லாத சிரிஞ்சையோதான் பயன்படுத்த வேண்டும். அதில் 5 மில்லி தண்ணீரை எடுத்து உங்கள் வீட்டுக் கரண்டிகளில் ஒவ்வொன்றாக ஊற்றிப் பாருங்கள். இத்தனை நாள் எதை எதால் அளந்தோம் என்பது தெரிந்து ஆச்சரியப்படுவீர்கள்.

தராசுக்கு நாலு பரீட்சை

இதற்கெல்லாம் தராசு வேண்டும். தராசு சரியாக இருக்கவும் வேண்டும். வீட்டிலேயே நாலு பரீட்சை செய்யலாம். செலவு ஒரு காசு இல்லை.

முதலாவது, சூன்யப் பரீட்சை. தராசைச் சமதரையில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், காற்று பட்டால் இந்தச் சின்னத் தராசுகள் ஆட்டம் போடும். ஒன்றும் வைக்காதபோது பூஜ்யம் காட்ட வேண்டும். ஒரு பாத்திரத்தை வைத்து எடுத்தபின் மறுபடியும் பூஜ்யத்துக்கே திரும்ப வேண்டும்.

இரண்டாவது, தெரிந்த எடைப் பரீட்சை. சோதனைக் கல்லுக்கு எங்கே போவது? உங்கள் பர்ஸிலேயே இருக்கிறது. இரண்டு நிறம் கொண்ட பத்து ரூபாய் நாணயம் ஒன்றின் எடை ஏறக்குறைய 7.7 கிராம். பத்து நாணயங்களைச் சுத்தமாகத் துடைத்து வைத்தால் 77 கிராம் பக்கம் காட்ட வேண்டும். பாட்டி வெள்ளி ரூபாயால் சுக்கை நிறுத்தாள். பேத்தி பத்து ரூபாயால் தராசையே நிறுக்கிறாள்! பெரிய எடைக்குத் தண்ணீரே கல். ஒரு லிட்டர் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரு கிலோ. நம் ஊர் உஷ்ணத்தில் நாலைந்து கிராம் குறையும், அவ்வளவுதான். தராசு சரி என்று தெரிந்த பிறகு, இதைத் திருப்பிப் போட்டு உங்கள் சொம்பையும் டம்ளரையும் அளந்துவிடலாம். தண்ணீர் எத்தனை கிராமோ அத்தனை மில்லி. சொம்பில் ஒரு லிட்டர் வரும் இடத்தில் ஒரு கோடு கிழித்து வைத்துவிடுங்கள். அர்த்தராத்திரியில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால், அந்தக் கோடு உங்களுக்குத் துணை.

மூன்றாவது, திரும்பத் திரும்பப் பரீட்சை. ஒரே சாமானை ஐந்து தடவை எடுத்து எடுத்து வையுங்கள். ஐந்து தடவையும் ஒரே எண் வர வேண்டும். அல்லது கடைசி எண் ஒன்று இப்படி அப்படி இருக்கலாம். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று சொன்னால், அந்தத் தராசின் வார்த்தையை நம்பாதீர்கள். பேட்டரி தீர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நாலாவது, இடம் மாற்றும் பரீட்சை. மின் தராசானால், அந்தச் சாமானை நடுவிலும் நாலு மூலையிலும் வைத்துப் பாருங்கள். இரண்டு தட்டுத் தராசானால், கல்லை இடது தட்டிலும் சாமானை வலது தட்டிலும் வைத்து நிறுத்தபின், இரண்டையும் இடம் மாற்றுங்கள். முள் மறுபடியும் நடுவில் நின்றால் தராசு யோக்கியம். நிற்காவிட்டால் ஒரு பக்கத்துக் கை நீளம், அல்லது தட்டின் அடியில் ஏதோ ஒட்டியிருக்கிறது. தட்டின் அடியில் புளியை ஒட்டி வைத்த பழைய மளிகைக் கடைக்காரர் கதை உங்களுக்குத் தெரிந்ததுதானே? சங்கரன்கோவிலில் அரனும் அரியும் ஒரே திருமேனியில் பாதிப் பாதியாக நிற்கிறார்கள். இடம் மாற்றிப் பார்த்தாலும் ஏற்றத்தாழ்வு சொல்ல முடியாது என்பதுதான் அந்த சங்கரநாராயணக் கோலத்தின் தாத்பரியம். தராசும் அப்படி இருக்க வேண்டும்.

கடைக்காரரிடம் கேட்கத் தயங்காதீர்கள்

கடைத் தராசுக்குப் பரீட்சை வைக்க சர்க்காரே இருக்கிறது. 1956-ல் எடை அளவுச் சட்டம் வந்தது. 1958 அக்டோபர் முதல் சேரும் பலமும் போய், கிலோவும் கிராமும் படிப்படியாக வந்தன. இப்போது நடப்பில் இருப்பது 2009-ஆம் வருஷத்துச் சட்டம். 2011 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. கடைகளில் உள்ள மின் தராசுக்கு வருஷத்துக்கு ஒரு முறை முத்திரை போட வேண்டும். எடைக்கற்களுக்கும் சாதாரணத் தராசுக்கும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. முத்திரைச் சான்றிதழ் எங்கே என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல, உங்கள் உரிமை. பொன் வாங்கும்போது தராசு பூஜ்யம் காட்டுகிறதா என்று குனிந்து பார்ப்பதும் அப்படியே. ஒரு சவரன் எட்டுக் கிராம். அதில் ஒரு குன்றிமணி எடை போனாலும் இன்றைய விலையில் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிக் கல்லுக்குக் கல் ஒத்துப் பார்த்துக் கொண்டே போனால், முடிவில் எந்தக் கல்? பாரிஸுக்குப் பக்கத்தில் பிளாட்டின உலோகக் கலப்பில் செய்த ஒரு கட்டியை வைத்துக் கொண்டு, அதுதான் கிலோ என்று 1889 முதல் உலகம் நம்பியிருந்தது. அதன் பிரதி ஒன்று, 57-ஆம் எண்ணுள்ளது, நம் டில்லியில் தேசியப் பௌதிக ஆராய்ச்சிச் சாலையில் இருக்கிறது. ஆனால் அந்தத் தாய்க் கட்டிக்கும் அதன் பிரதிகளுக்கும் நடுவே, நூறு வருஷத்தில் நூலிழை போல ஒரு வித்தியாசம் வந்துவிட்டது. எது ஏறியது, எது இறங்கியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆகவே 2019 மே 20-ஆம் தேதி முதல் கட்டியை விட்டுவிட்டு, இயற்கையிலேயே மாறாத ஓர் எண்ணைக் கொண்டு கிலோவை வரையறுத்துவிட்டார்கள். உலகத்துக்கே எடை சொன்ன கல்லுக்கும் பரீட்சை வைத்தார்கள் என்றால், நம் வீட்டுப் பாயசக் கரண்டி எந்த மூலை?

ஆகவே, இந்தப் பத்திரிகையை மடித்து வைத்ததும், தராசில் பத்து நாணயத்தைப் போடுங்கள். சொம்பில் ஒரு கோடு கிழியுங்கள். வேலை கால்மணி நேரம்தான். வீட்டில் தராசு இல்லாதவர்கள், மருந்துக் கடையில் 5 மில்லி சிரிஞ்ச் ஒன்று கேட்டு வாங்கி வாருங்கள். அதை அலமாரியில் மருந்து டப்பாவுக்குப் பக்கத்திலேயே வைத்து, வீட்டில் உள்ளவர்கள் எல்லாருக்கும் இடத்தைச் சொல்லி வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், அரைத் தூக்கத்தில் எழுந்து வருகிற கைக்கு அது அகப்பட வேண்டும்.